சொத்தைப் பல்லில் குடியேறிய மெட்டுகள்

திருமணமான மறுநாள் காலையில் மெட்டுக்காரரின் தலைக்குள் இருந்த மெட்டுகள் எல்லாம் அவரைவிட்டு வெளியேறி, அவருடைய மனைவியிடம் பல் காட்ட வந்திருந்த தபால்காரரின் வாய்க்குள் போய்க் குடியேறின. தபால்காரருக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. கீழ்வரிசையில் இடப்பக்கக் கடைவாய்ப் பல் சொத்தை, குளிர்ந்த தண்ணீர் பட்டால் உயிர் போகிறது என்று வந்திருந்தார். நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்ததும் உள்ளேயிருந்து முதலில் ஒரு செல்லோவும், பிறகு வயலின்களும், கடைசியில் சற்றுத் தயங்கியபடி ஒரு கிளாரினெட்டும் ஒலித்தன. வாயை மூடினால் நின்றது. திறந்தால் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. பல் மருத்துவருக்குச் சங்கீத ஞானம் கிடையாது. தண்ணீர் மோட்டார் ஓடுவதற்கும் பாட்டுக்கும் அவர் காதில் பெரிய வித்தியாசம் இருந்ததில்லை. ஏதோ சத்தம் வருகிறது என்பதை மனதில் வாங்கிக்கொண்டு, வேறெங்காவது வலி உண்டா என்று கேட்டுவிட்டு, சொத்தையைச் சுரண்டிச் சுத்தம் செய்து அடைத்தார். அடைத்ததும் சத்தம் நின்றது, வலியும் நின்றது. தபால்காரர் வாய் கொப்பளித்துவிட்டு மிச்சத் தபால்களைக் கொடுக்கப் போனார்.

மெட்டுக்காரர் என்பது ஊர் வைத்த பெயர். நாடக அரங்குக்கு இசையமைப்பது அவருடைய பெருமை. சோப்பு, வார்னிஷ், தலைவலித் தைலம் ஆகியவற்றின் விளம்பரங்களுக்கு இசையமைப்பது பிழைப்பு. கல்யாணத்துக்கு முன்பு அவருக்கு மெட்டுகள் மாடியறையின் கிழக்கு ஜன்னல் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தன, மற்றவர் வீட்டு ஜன்னல்களில் வெயில் வருவதைப்போல. அவர் குளித்துவிட்டு மேசைமுன் உட்கார்ந்து எழுதிக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு வேண்டிய அமைதியை அவருடைய அக்கா காவல்காத்தார். பாத்திரம் பாத்திரத்தோடு மோதிச் சத்தம் வராமலிருக்க ஒவ்வொன்றுக்கும் துணியில் உறை தைத்திருந்தார். கதவுக் கீல்களுக்கு எண்ணெய் விடுவதைத் தலைக்கு எண்ணெய் வைப்பதைவிடத் தவறாமல் செய்தார். தும்மல் வந்தால் தெருமுனை வரை போய்த் தும்மிவிட்டு வருவார். தம்பியின் இசைக்காகவே தான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று அக்கா சொல்வார். பெண் பார்க்க வந்தவர்களுக்கு அந்த வீட்டில் உரக்க மூச்சுவிடக்கூட அனுமதி இல்லாததால் எழுந்து போய்விட்டார்கள் என்று தெருவில் சொல்வார்கள். இரண்டும் உண்மைதான்.

அப்படிப்பட்டவர் பல்வலி என்று போய், எதிரே கண்ணாடியும் கொக்கியுமாகக் குனிந்து நின்ற பல் மருத்துவர்மேல் காதல் கொண்டார். வாய் திறந்திருக்கும்போது மருத்துவர் அவரிடம் கேள்வி கேட்டுக்கொண்டே இருந்தார். சொந்த ஊர் எது, என்ன வேலை, வலப்பக்கமாக மென்று சாப்பிடுகிறீர்களா, ஏன் இவ்வளவு இளைத்திருக்கிறீர்கள். பதில் சொல்ல முடியாத நிலையில் ஒருவர் தன்னிடம் இத்தனை அக்கறையாகப் பேசியது மெட்டுக்காரரின் வாழ்வில் அதுவே முதல் தடவை. பதில்களைச் சொல்வதற்காகவே மறுநாளும் போனார், அதற்கு மறுநாளும் போனார். ஒரு பல்லும் மிச்சமில்லாமல் சுத்தமான பிறகு, இனி வருவதற்குக் காரணம் இல்லையே என்று வருத்தப்பட்டார். மருத்துவர் கையுறையைக் கழற்றியபடி, கல்யாணம் பண்ணிக்கொண்டால் காரணமே தேவைப்படாது என்றார். நாடக அரங்கின் மேலாளர் செய்தி கேட்டு ஓடிவந்தார். பெண்டாட்டி வந்தபின் பாட்டு நின்றுபோனவர்கள் என்று தனக்குத் தெரிந்த சிலரின் கதைகளைச் சொன்னார். அக்கா பாத்திரங்களின் உறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி, துவைத்து, மடித்து, தம்பி கண்ணில் படும்படி அடுக்கிவைத்தார்.

கல்யாணம் பதிவு அலுவலகத்தில் சுருக்கமாக நடந்தது. மறுநாளிலிருந்து கிழக்கு ஜன்னலில் வெயில் மட்டும் வந்தது. மெட்டுக்காரர் மேசையை நகர்த்திப் பார்த்தார், ஜன்னலைக் கழுவிப் பார்த்தார், மேற்கு ஜன்னலைத் திறந்து பார்த்தார். அதன் வழியாகப் பக்கத்து வீட்டுத் தாளிப்பு வாசம் வந்தது. ஒரு வாரம் போனபின், ராத்திரிச் சாப்பாட்டின்போது டாக்டர் தற்செயலாகச் சொன்னார்.

"போன வாரம் ஒருத்தர் வாயிலிருந்து சத்தம் வந்துது. இன்னைக்கு இன்னொருத்தர் வாயிலயும்."

"என்ன சத்தம்?"

டாக்டர் பாடிக்காட்டினார். சிமெண்டுத் தரையில் நாற்காலியை இழுப்பதுபோல இருந்தது. ஆனாலும் மெட்டுக்காரர் கையிலிருந்த கவளத்தோடு எழுந்து நின்றுவிட்டார். வாசலில் கிடக்கும் செருப்பைப் பார்த்தே பிள்ளை வீடு வந்துவிட்டதென்று தெரிந்துகொள்வதுபோல, அது தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அந்தப் பல்லை என்ன பண்ணின?"

"அடைச்சுட்டேன்."

"முழுசாவா?"

"பாதி அடைக்கிறதுன்னு ஒண்ணு இல்லீங்க" என்றார் டாக்டர், அவர் தட்டில் இன்னும் கொஞ்சம் குழம்பு ஊற்றியபடி.

அன்றிலிருந்து மெட்டுக்காரர் காலையில் குளித்துவிட்டு மாடிக்குப் போகாமல் மனைவியின் மருத்துவமனைக்குப் போனார். மருந்து அலமாரிக்கும் கை கழுவும் தொட்டிக்கும் நடுவே ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, வருகிற வாய்களிலிருந்து எழுதிக்கொண்டார். முன்பற்களில் குழலும் கிளாரினெட்டும் இருந்தன. கடைவாய்ப் பற்களில் கனமான தந்திகள். ஞானப் பல் என்றால் நோயாளியே கண்கலங்கும் அளவுக்குச் சோகமான, மெதுவான இசை வந்தது. குழந்தைகளின் பால்பற்களிலிருந்து விளம்பரப் பாட்டுக்கு மேல் எதுவும் தேறவில்லை. பல்செட்டு வைத்திருந்தவர்கள் வாயில் ஒலித்தவை வேறு யாருடைய மெட்டுகளோ என்பதால் அவற்றை அவர் நாகரிகமாக எழுதாமல் விட்டார். நல்ல பல்லில் எதுவும் கேட்காது, சொத்தைப் பல்லானாலும் டாக்டரின் நாற்காலிக்கு வெளியே கேட்காது. டாக்டர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. வேலைக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம்தான் வாய் திறந்திருக்கும், இசைக்காக ஒரு நொடிகூடக் கூடுதலாகக் கிடையாது. ஆகையால் ஊசி போட்டு ஈறு மரத்துப்போகக் காத்திருக்கும் நேரம்தான் மெட்டுக்காரருக்கு அறுவடை. அதை நீட்டிப்பதற்காக மின்கட்டணம், ஒழுகும் குழாய், மாமனாரின் முழங்கால் என்று இல்லாத பேச்சையெல்லாம் எடுப்பார். ஒருமுறை வாய்க்கண்ணாடியைத் தன் பாக்கெட்டில் ஒளித்துவைத்தார். டாக்டர் கையை நீட்டினார். அவர் எடுத்துக் கொடுத்தார்.

ஊர் இரண்டாகப் பிரிந்து வாதாடியது. முடிதிருத்தும் கடையில் ஒரு பக்கம் சவரம் முடிந்து மறுபக்கம் நுரையோடு எழுந்து நின்று பேசியவர்கள் உண்டு. கல்யாணம் கலைஞனைக் கெடுக்கும் என்ற கட்சிக்கு மேலாளர் தலைவர். ஜன்னலில் தானாக வந்ததை எழுதியவன் இப்போது அடுத்தவன் எச்சிலில் பொறுக்குகிறான் என்றார். மெட்டுகள் முன்பைவிட அழகாகிவிட்டன, முன்பு எல்லாம் ஒரே வெயிலாக இருக்கும், இப்போது கொஞ்சம் வலியும் தெரிகிறது என்பது எதிர்க்கட்சி. அதற்குத் தலைமை தாங்கியவர் தபால்காரர். முதல் மெட்டு தன் வாயில் வந்தது என்பதால் அவர் கட்சி மாற வாய்ப்பே இல்லை. அக்கா எந்தக் கட்சியிலும் சேராமல் தன் கருத்தைத் தனியாக வைத்திருந்தார், தம்பி கெட்டுக் குட்டிச்சுவராகிவிட்டான் என்பதுதான் அது. அந்தச் சமயத்தில் அக்காவுக்கே பல்வலி வந்தது. தம்பி மனைவியின் நாற்காலியில் வேண்டாவெறுப்பாகச் சாய்ந்து வாயைத் திறந்தார். உள்ளேயிருந்து, அதுவரை ஊரில் யாரும் கேட்டிராத குதூகலமான ஒரு நடன இசை டிரம்பெட்டும் மேளமுமாகக் கிளம்பியது. காத்திருந்தவர்களின் கால்கள் தாமாகத் தாளம் போட்டன. அக்கா வாயை டப்பென்று மூடிக்கொண்டு எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அதற்குப்பின் எவ்வளவு வலித்தும் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை, எதற்கும் இருக்கட்டும் என்று, பேசுவதையும் உதட்டைப் பிரிக்காமல் பேசப் பழகிக்கொண்டார்.

இப்படியே போயிருந்தால் சிக்கல் வந்திருக்காது. ஆனால் நாடக அரங்கைப் பழுதுபார்த்துப் புதுத் திரை போட்டு மீண்டும் திறப்பதாக முடிவாயிற்று. திறப்பு நாளுக்கு நீளமான முன்னிசை ஒன்று வேண்டும், துண்டு துண்டாக இல்லாமல் தலையும் வாலும் உள்ளதாக வேண்டும் என்று மேலாளர் கேட்டார். மெட்டுக்காரரும் ஆசைப்பட்டார். அந்நேரம் பார்த்து ஊரில் பற்கள் நன்றாக இருந்தன. டாக்டர் அவ்வளவு ஒழுங்காக வேலை செய்திருந்தார். காலையெல்லாம் காத்திருந்தால் ஒரு முன்பல் தேறியது. மெட்டுக்காரர் யோசித்தார். பிறகு கடைத்தெருவுக்குப் போய், பல்லில் ஒட்டிக்கொண்டால் நாக்கால் எடுக்க முடியாத பச்சை நிற மிட்டாய் ஒரு பெரிய பை நிறைய வாங்கினார்.

பார்க்கிறவர்களுக்கெல்லாம் கொடுத்தார். பேருந்து நடத்துநர், வங்கிக் குமாஸ்தா, சலவைக்காரர், கோர்ட்டுக்குப் போகிற வழியில் இரண்டு வக்கீல்கள். தபால்காரருக்கு இரண்டு பாக்கெட்டும் நிறைய. கல்யாணத்துக்குப்பின் மனிதர் எவ்வளவு தாராளமாகிவிட்டார் என்று எதிர்க்கட்சி பூரித்தது. சில மாதங்களில் பலன் தெரிந்தது. மருத்துவமனை வாசலில் வரிசை தெருத் திரும்பியது. மெட்டுக்காரர் பென்சில் சீவக்கூட நேரமில்லாமல் எழுதினார். முன்னிசை வளர்ந்தது, ஊரின் கன்னங்களும் வளர்ந்தன. வாத்தியக் குழுவின் கிளாரினெட்காரருக்கே முன்பல் ஆடி, தன் வாயிலிருந்து வந்த பகுதியைத் தானே வாசிக்க முடியாமல் போயிற்று. டாக்டர் சாப்பிட நேரமின்றி நின்றபடியே பழம் தின்றார். வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தூங்கினார். தூக்கத்தில் அவர் விரல்கள் எதையோ சுரண்டிக்கொண்டிருந்ததை மெட்டுக்காரர் பார்த்தார். பார்த்துவிட்டு, மறுநாள் இன்னொரு பை வாங்கினார்.

எல்லாருடைய சொத்தையிலும் ஒரே பச்சைப் பசை இருப்பதை டாக்டர் கவனித்துக்கொண்டுதான் இருந்தார். ஒருநாள் தபால்காரரின் வாயிலிருந்து அதைக் கொக்கியால் எடுத்து வெளிச்சத்தில் காட்டி, இது எங்கே வாங்கியது என்று கேட்டார். மரத்துப்போன உதட்டோடு தபால்காரர் பெருமையாகச் சொன்னார், "உங்க வீட்டுக்காரர் தந்தது டாக்டர். ரொம்பத் தங்கமான மனுஷன்." மூலையில் பென்சில் நின்றது. டாக்டர் அந்தப் பல்லை முடித்தார், கை கழுவினார், கணவர் பக்கம் திரும்பினார். அன்று பேசியதை வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். குரல் உயரவே இல்லை என்று பின்னால் சொன்னார்கள்.

"நான் ஒவ்வொருத்தர் வலியா அடைச்சுட்டே வர்றேன். நீங்க பின்னாலயே வந்து திறந்து விட்டுட்டே வர்றீங்க."

மெட்டுக்காரர், கலை என்று ஆரம்பித்தார்.

"உங்க பாட்டுக்குக் கல்யாணம் இடைஞ்சலான்னு ஊரே கூடிப் பேசுது. என் வேலைக்கு இடைஞ்சலான்னு ஒருத்தர் கேட்டாங்களா? நீங்களாவது கேட்டீங்களா?"

அவரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். ஊரில் பச்சை மிட்டாய் தொட்ட ஒவ்வொரு பல்லையும் தேடித்தேடிச் சுத்தம் செய்து அடைத்தார். வாசலுக்கு வெளியே நின்ற மெட்டுக்காரருக்குக் கதவிடுக்கு வழியாக இசை லேசாகக் கேட்டது, பிறகு ஒவ்வொன்றாக நின்றது. வரிசை தீர்ந்ததும் டாக்டர் மருத்துவமனையைப் பூட்டிச் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு, ரயிலேறித் தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அங்கே அரசு மருத்துவமனையில் ஆள் தேவைப்பட்டது, மறுநாளே வேலையில் சேர்ந்தார். அக்காவின் பல் மட்டும் அடைபடாமல் நின்றது. அவர்தான் போகவில்லையே.

அதன்பின் ஊரில் ஒரு வாயிலிருந்தும் எதுவும் வரவில்லை. அக்கா பழைய உறைகளைப் பாத்திரங்களுக்கு மாட்டினார். வீடு பழையபடி அமைதியானது, கிழக்கு ஜன்னலில் வெயில் வந்து போனது. மெட்டுக்காரர் தானே ஒரு வாய்க்கண்ணாடி வாங்கிக்கொண்டு தெரிந்தவர்களை வாய் திறக்கச் சொல்லிப் பார்த்தார். சலவைக்காரர் கொட்டாவி விட்டார், வக்கீல்களில் ஒருவர் கடித்துவிட்டார். வாடகைக்கு ஒரு பல் மருத்துவரை மேலாளர் வெளியூரிலிருந்து வரவழைத்தார். அவர் கை பட்ட வாய்களில் "ஆ" என்பதைத் தவிர வேறு ஒலி இல்லை. முன்னிசை தலையோடு நின்றது. அதைவிட மெட்டுக்காரரை வாட்டியது வேறொன்று. சாப்பிடும்போது எதிரே யாரும் கேள்வி கேட்கவில்லை. வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு, யாராவது ஏதாவது கேட்பார்களா என்று காத்திருப்பார். ஒருநாள் கன்னம் வீங்கிய அக்கா எதிரே வந்து உட்கார்ந்தார். நெடுநாளுக்குப்பின் உதடு பிரித்துப் பேசினார்.

"போய் அவளைக் கூட்டிட்டு வாடா தம்பி. உன் பாட்டுக்காக இல்ல. என் பல்லுக்காக."

புறப்படும்போது மெட்டுக்காரரின் கன்னமும் வீங்கியிருந்தது. கொடுப்பதற்குமுன் ருசி பார்த்த மிட்டாய்கள் வேலையைக் காட்டியிருந்தன. தங்கையின் ஊர் அரசு மருத்துவமனையில் வரிசையில் நின்றார். அவர் முறை வந்தபோது டாக்டர் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார், நாற்காலியைக் காட்டினார். மெட்டுக்காரர் சாய்ந்து வாயைத் திறந்தார். இதுவரை வந்தவை எல்லாம் சில்லறை என்று ஆகிவிட்டது. ஒரு முழு வாத்தியக் குழு உள்ளேயிருந்து எழுந்தது. வரிசையில் இருந்தவர்கள் தங்கள் வலியை மறந்தார்கள். நர்சுகள் டிரேயோடு அப்படியே நின்றார்கள். மாடி வார்டில் எழுந்து நடக்கக்கூடாதவர்கள் எழுந்து படிக்கட்டுக்கு வந்தார்கள். முன்னிசையின் மிச்சம் அது. அதற்கு அப்பாலும் போய்க்கொண்டிருந்தது. மெட்டுக்காரர் வாழ்நாள் முழுதும் இந்த ஒன்றுக்காகத்தான் ஜன்னலைத் திறந்துவைத்திருந்தார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. சட்டைப்பையில் தாளும் பென்சிலும் இருந்தன. டாக்டர் அவற்றைப் பார்த்தார்.

"பல் ரொம்ப மோசமா இருக்கு. இப்பவே பிடுங்கணும். ஆனா நீங்க கேட்டா இந்த ஒரு தடவை காத்திருக்கேன். யாருக்கும் நான் காத்திருந்ததில்ல."

பதில் சொல்ல வாயை மூடினால் இசை நின்றுவிடும். மெட்டுக்காரரின் கண்ணோரம் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று, வலியாலா இசையாலா என்று சொல்ல முடியாது. கையைப் பைக்குள் விட்டுப் பென்சிலை எடுத்தார். அதை டாக்டரின் கருவித்தட்டில், கொக்கிக்கும் இடுக்கிக்கும் நடுவே வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார். டாக்டர் கொஞ்ச நேரம் பென்சிலைப் பார்த்தார். பிறகு ஊசி போட்டார், இடுக்கியை எடுத்தார். வயலின்கள் எல்லாம் ஒன்றாக மேலே ஏறிக்கொண்டிருந்த இடத்தில் பல் வந்துவிட்டது. பீங்கான் கிண்ணத்தில் விழுந்தபின் ஒற்றை டிரம்பெட் சுரம் ஒன்றைக் கொடுத்துவிட்டு அடங்கியது.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார் டாக்டர்.

பஞ்சு அடைத்த வாயால் மெட்டுக்காரர், ரொம்ப நன்றாக இருந்தது என்றார். எனக்கு வழக்கம்போல மோட்டார் சத்தமாகத்தான் கேட்டது என்று டாக்டர் ஒப்புக்கொண்டார். ஆனால் நல்ல மோட்டார் என்றார். சாயங்கால ரயிலுக்கு இரண்டு சீட்டு வாங்கினார்கள்.

ஊரில் அக்கா, பூட்டிக் கிடந்த மருத்துவமனைப் படியில் காத்திருந்தார். நடன இசை பழைய இடத்திலிருந்தே, கொஞ்சமும் குதூகலம் குறையாமல் கிளம்பியது. டாக்டர் தன் வேகத்தில் வேலை செய்தார், மெட்டுக்காரர் கிடைத்த வரை எழுதி முன்னிசையோடு சேர்த்தார். அரங்கு திறந்த அன்று அந்த முன்னிசை, ஆடத் தொடங்கிய ஒருவர் ஒற்றைக் காலைத் தூக்கியபடி நின்றுவிட்டதைப்போல, சட்டென்று நின்றது. மேலாளர் திரைக்குப் பின்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கூட்டம் வாயைப் பிளந்து மிச்சத்துக்காகக் காத்திருந்தது. வராது என்று புரிந்ததும் கைதட்டியது, தட்டி முடிக்க மனமில்லாமல் தட்டியது. அதன்பின் வருடங்கள் போயின. முடிக்காமல் முடியும் அவருடைய பாணியைப் பற்றி வெளியூர் அறிஞர்கள் தடித்த புத்தகங்கள் எழுதினார்கள். சிலர் அதை மௌனத்தின் தத்துவம் என்றார்கள். உள்ளூரில் எல்லோருக்கும் தெரியும், அந்த இடத்தில் அக்காவின் பல்லில் அடைத்தது காய்ந்துவிட்டது, அவ்வளவுதான். மிட்டாய் பக்கம் மெட்டுக்காரர் மறுபடி போகவில்லை. பற்கள் நன்றாக இருந்த மாதங்களில் வார்னிஷ் விளம்பரத்துக்குப் பழைய பால்பல் மெட்டுகளைத் தூசி தட்டிக் கொடுத்தார். மற்ற நேரங்களில் வரவேற்பறையில் உட்கார்ந்து டோக்கன் கொடுத்தார். பல் காட்டப் போகிறவர்கள், எனக்கு மெட்டு உண்டா பாருங்கள் என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சொத்தை இருந்தும் இசை வராதவர்கள் கொஞ்சம் தலைகுனிந்து வெளியேறினார்கள்.

மெட்டுக்காரருக்குத் தலை முழுக்க நரைத்தபின், வானொலியிலிருந்து ஓர் இளம்பெண் மருத்துவமனைக்கே பேட்டி எடுக்க வந்தாள். கல்யாணம் படைப்புக்கு உதவியா, இடைஞ்சலா என்ற பழைய கேள்வியை அவரிடம் கேட்டாள். தபால்காரர் இறந்தபின் எதிர்க்கட்சி கலைந்துவிட்டது, அதனால் தெரியவில்லை என்றார் அவர். அவள் டாக்டர் பக்கம் திரும்பி, இவரைக் கல்யாணம் பண்ணிக்கொண்டது உங்கள் வேலைக்கு எப்படி என்று கேட்டாள். அந்தக் கேள்வியை ஒருவர் கேட்டு முடிக்கும்வரை டாக்டர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். நிதானமாக யோசித்தார்.

"பல் காட்ட வர்றவங்களுக்கு உட்கார ஒரு நாற்காலி குறைஞ்சுது" என்றார். "மத்தபடி பரவாயில்ல."

பெண் சிரித்துவிட்டாள். சிரித்ததில் மேல்வரிசைக் கடைசியில் கறுப்பாக ஒன்று தெரிந்தது. டாக்டர் நாற்காலியைக் காட்டினார். அவள் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டு, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சாய்ந்து வாயைத் திறந்தாள். டிரம்பெட்டுகள் கிளம்பின.

"இன்னும் கொஞ்சம் பெரிசா" என்றார் டாக்டர்.

மூலையில் மெட்டுக்காரர் தாளைத் திருப்பினார்.